சாவி வைத்திருப்பவர்களுக்கும் பாடம்: பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மாற்றுத்திறன் உரிமைப் பயிற்சி உருவான விதம்

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளியை ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் இதே ஊரில் ஒரு பள்ளியை உண்டாக்கினார். நாட்டின் மிக மூத்த சிறப்புப் பள்ளிகளின் வரிசையில் இரண்டுக்கும் இடம் உண்டு. வெள்ளைக் கோலை ஊன்றிச் சாலை கடக்கும் மாணவர்களையும், பஸ் நிறுத்தத்தில் கைகளால் உரையாடிச் சிரிக்கும் பிள்ளைகளையும் பல தலைமுறைகளாகப் பார்த்து வரும் ஊர் இது. பிளஸ் டூ முடித்த பிறகு அவர்களில் சிலர் இதே ஊரின் கல்லூரிகளில் சேர்கிறார்கள். பள்ளியில் பிரெயில் புத்தகம் இருந்தது, சைகை மொழி தெரிந்த ஆசிரியர் இருந்தார். கல்லூரி வாசலைத் தாண்டியதும் இரண்டும் இல்லை. நூறாண்டுக்கும் மேலாக இந்த ஊருக்கு உள்ள அனுபவம் கல்லூரி மதிற்சுவருக்குள் நுழையாமல் போனதே எங்கள் கல்லூரியில் பயிற்சித் திட்டம் ஒன்று உருவாகக் காரணம். திட்டத்தை ஒருங்கிணைத்த சமூகப்பணித் துறை ஆசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன். கல்லூரி அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. பெயர் இங்கே தேவையில்லை.

தேர்வு அறையில் தொடங்கியது

கல்லூரியில் விழிப்புணர்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள், தவறாமல் கொண்டாடப்பட்டது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, பார்வையற்ற மாணவர் ஒருவரின் பாட்டு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவது, இனிப்பு, தேசிய கீதம். கட்டை அவிழ்த்த மாணவர்கள் மேடையேறிச் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான்: இவர்கள் எவ்வளவு பாவம்.

அந்த மேடையில் பாடிக் கைதட்டல் வாங்கிய மாணவர் வரலாற்றுத் துறையில் இரண்டாம் ஆண்டு படித்தார். அடுத்த செமஸ்டர் தேர்வில், தாம் சொல்வதை எழுதுபவரோடு தனி அறையில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம் முடிந்ததும் அறைக் கண்காணிப்பாளர் விடைத்தாளை வாங்கிக்கொண்டார். மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வென்றால் முழுதாக ஒரு மணி நேரம். கண்காணிப்பாளருக்கு அது தெரியாது. எழுதிக்கொண்டிருந்தவர் முதலாண்டு மாணவி. பேராசிரியர் முன் வாய் திறக்க அவருக்குத் தயக்கம். மாணவரோ, முந்தைய செமஸ்டரில் கிடைத்த கூடுதல் நேரத்தை அப்போதைய கண்காணிப்பாளரின் நல்ல மனம் என்றே நினைத்திருந்தார். எனவே கேட்கவே இல்லை.

அதே வாரத்தில் இன்னொன்று நடந்தது. கைத்தசை இறுகி எழுத முடியாமல் தவிக்கும் வணிகவியல் மாணவி ஒருவருக்குச் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார். மருத்துவச் சான்றிதழில் பாதிப்பின் அளவு 40 சதவீதம் இல்லை என்பது காரணம். ஆனால் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியிலேயே, விகாஷ் குமார் வழக்கில், இந்த வசதியை 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ளோருக்கு மட்டும் என்று சுருக்க முடியாது எனத் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் எழுதும்போது கை இறுகும் பாதிப்புள்ளவர்தான். 40 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளும் 2022 ஆகஸ்டில் வந்தன. ஆனால் எங்கள் தேர்வு அலுவலகத்தின் கோப்பில் இருந்தது அதற்கெல்லாம் முந்தைய சுற்றறிக்கை.

இவர்களில் எவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அந்தக் கண்காணிப்பாளர் டிசம்பர் 3 விழாவுக்கு ஆண்டுதோறும் நன்கொடை கொடுப்பவர். இரக்கம் இந்தக் கல்லூரியில் தாராளமாக இருந்தது. விதியைத் தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு அது தெரியவில்லை, கேட்க வேண்டியவருக்குத் தனக்கு உரிமை உண்டு என்பது தெரியவில்லை. பயிற்சி இந்த இரண்டு பக்கத்தையும் தொடாவிட்டால் எத்தனை ஆண்டு கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தாலும் பயனில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

முதலில் கேட்டது

பாடத்திட்டம் எழுதுவதற்கு முன், கல்லூரியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களைத் தரைத்தள அறை ஒன்றில் சனிக்கிழமைகளில் கூட்டினோம். சைகை மொழி தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் தம் விடுமுறை நாளில் வந்து உதவினார். பேராசிரியர்கள் பேசக்கூடாது, குறிப்பு மட்டும் எடுக்கலாம் என்பது அந்தக் கூட்டங்களுக்கு நாங்கள் வைத்த ஒரே விதி.

சாய்தளமும் லிஃப்டும்தான் முதலில் வரும் என்று எதிர்பார்த்தோம். முதலில் வந்தது வாட்ஸ்அப். துறைகளின் குழுக்களில் சுற்றறிக்கையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுகிறார்கள். பார்வையற்ற மாணவரின் கைப்பேசி அந்தப் படத்தை, படம் என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்காது. கட்டணம் கட்டக் கடைசி நாள், உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு அறை மாற்றம் எல்லாம் அப்படித்தான் அவர்களைத் தாண்டிப் போயின. காது கேளாத மாணவிக்கோ தொல்லை ஒலிபெருக்கி. தேர்வன்று காலை அறை மாற்றத்தை மைக்கில் அறிவித்தார்கள். அவர் பழைய அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தும் ஆசிரியரின் உதட்டை எப்படிப் படிப்பது என்றும் அவர் கேட்டார். அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த எங்களில் பலர் அப்படிப் பாடம் நடத்துகிறவர்கள்.

சக்கர நாற்காலியில் வரும் மாணவி சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. காலையில் வீட்டில் குடிக்கும் காபியோடு சரி. மாலை வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டாராம். பாளையங்கோட்டை வெயிலில், ஏப்ரல் மாதத்திலும். கல்லூரியில் அவருக்கேற்ற கழிப்பறை உண்டு. கைப்பிடி, அகலக் கதவு எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அது பூட்டியிருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு ஆய்வுக்கு வரும்போது சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பூட்டியது, பிறகும் அப்படியே தொடர்ந்தது. சாவி மாடியில், அலுவலகக் கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறையில். படியேற முடியாதவருக்கான கழிப்பறையின் சாவி படியேறினால்தான் கிடைக்கும் என்ற நிலையை அதுவரை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

இயற்பியல் துறை மாணவர்கள் டேப் பிடித்து வளாகத்தை அளந்தார்கள். சாய்தளத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சரிவு 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். முதன்மைக் கட்டடத்தின் அடிமேடை இரண்டரை அடி உயரம் என்பதால் 30 அடி நீளம் வேண்டும். இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. பின்னாலிருந்து தள்ளுபவரே வழுக்கும் அளவுக்குச் செங்குத்து. அடியில் இருசக்கர வாகனங்கள் வேறு நிறுத்தப்பட்டிருந்தன. அளந்த மாணவர்கள் வரைபடம் போட்டுக் கொண்டுவந்தபோது, அது எங்கள் பாடத்திட்டத்தின் முதல் பக்கமாகவே ஆகிவிட்டது.

யாருக்கு என்ன பயிற்சி

பொதுவாக இத்தகைய பயிற்சிகள் மாணவர்களை அரங்கில் நிரப்பி நடக்கும். நாங்கள் வரிசையை மாற்றினோம். தேர்வு அலுவலகம், கல்லூரி அலுவலகம், நூலகம், விடுதிக் காப்பாளர்கள், காவலர்கள், கல்லூரிப் பஸ் ஓட்டுநர்கள், கேன்டீன் அண்ணாச்சி ஆகியோர் முதல் வரிசை. அடுத்து ஆசிரியர்கள். மற்ற மாணவர்கள் கடைசியில்தான். ஒரு மாற்றுத்திறனாளி மாணவரின் அன்றாடம் நல்லபடி போவதும் கெடுவதும் முதல் வரிசையில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய பயிற்சி அதற்கு முன் கல்லூரியில் நடந்ததே இல்லை.

பயிற்றுநர்கள் மாற்றுத்திறனாளி மாணவர்களும் முன்னாள் மாணவர்களும். அவர்களுக்கு மதிப்பூதியம் தர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்கு உறையில் பணம் வைக்கும் நிர்வாகம், தன் மாணவர் அதே வேலையைச் செய்தால் சான்றிதழ் போதும் என்று நினைப்பது சரியில்லை. தொகை சிறியதுதான், ஆனாலும் கிடைத்தது.

அலுவலர்களுக்கான அமர்வில் சட்டம் முதலில் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த மாற்றுத்திறன் வகைகள் இதில் 21 ஆயின. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் ஐந்து சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்பது 32-ஆம் பிரிவு. இவற்றைவிட அலுவலர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு வரி. ஒருவருக்குத் தேவைப்படும் நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதும் பாகுபாடு என்றே சட்டம் வரையறுக்கிறது. அதுவரை, திட்டுவதும் கேலி செய்வதும்தான் பாகுபாடு என்று எண்ணியிருந்தார்கள்.

பிறகு இடம் மாற்றி நடித்தோம். தேர்வு அலுவலகத்தின் மூத்த எழுத்தர் மாணவராகவும், வரலாற்று மாணவர் எழுத்தராகவும் உட்கார்ந்தார்கள். மாணவர், இதுவரை தமக்குச் சொல்லப்பட்ட பதில்களையே வரிசையாகச் சொன்னார்: துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும், சான்றிதழின் அசல் வேண்டும், போன செமஸ்டரில் கொடுத்த கடிதம் இந்த செமஸ்டருக்குச் செல்லாது, நாளைக்கு வாருங்கள். எழுத்தர் கொஞ்ச நேரத்தில் நடிப்பதை நிறுத்திவிட்டு, இந்தக் கடிதம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் எதற்கு என்று தம் சக ஊழியர்களைப் பார்த்துக் கேட்டார். சேர்க்கையின்போது ஒருமுறை பதிந்தால் மூன்று ஆண்டுக்கும் போதும் என்ற இன்றைய நடைமுறை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

தேர்வு அலுவலகத்துக்கு ஓர் அச்சம் இருந்தது. சொல்வதை எழுதுபவர் தானே விடையை எழுதிவிட்டால் என்ன செய்வது? நேர்மையான அச்சம்தான்; அதை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. எழுதுபவர்களின் பட்டியலைக் கல்லூரியே வைத்திருப்பது, வேறு துறையின் கீழ்வகுப்பு மாணவர்களையே சேர்ப்பது, தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக இருவரும் சந்தித்துப் பழக விடுவது என்று நெறிமுறைகளின் துணையோடு பேசி முடித்தோம். பட்டியல் கல்லூரியின் பொறுப்பில் வந்ததும், தேர்வுக்கு முந்தின இரவு விடுதி விடுதியாக ஆள் தேடி அலையும் கொடுமையும் நின்றது.

ஆசிரியர்களுக்கான அமர்வில் ஒரு கணினியும் ஒரு ஒலிபெருக்கியும் போதுமானவையாக இருந்தன. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கிய முயற்சி அது. ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்த தமிழை அது படிக்கும். எங்கள் துறைகளின் வினாவங்கிகளோ பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. முன்னாள் மாணவர் ஒருவர், இப்போது வங்கி ஊழியர், தமிழ்த் துறையின் வினாவங்கியைத் திறந்து ஓடவிட்டார். தமிழ் என்று திரையில் தெரிந்த சொல்லை இயந்திரம் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளாக உச்சரித்தது. பாமினியில் அந்தச் சொல்லுக்கு அடியில் கிடப்பவை அந்த எழுத்துகளே. முதலில் சிரித்த அரங்கு, இந்தக் கோப்பை வைத்துத்தான் மூன்று ஆண்டு படித்தேன் என்று அவர் சொன்னதும் அமைதியானது. பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கத்துக்கும் இதே கதிதான். அந்த விடுமுறையிலேயே தமிழ்த் துறையும் பொருளியல் துறையும் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றத் தொடங்கின. எழுத்துரு மாற்றியில் போட்ட பின்னும் பிழைகள் நிற்கும். அவற்றைத் திருத்த மாணவர்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். இந்தத் திட்டத்தில் மிகக் குறைந்த செலவில் மிக நிறையப் பலன் தந்த வேலை இதுவே என்பது என் கணிப்பு.

கேட்கப் பழகுதல்

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அமர்வுகள் தனி. திங்கள்கிழமைகளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகும் பெற்றோரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் முதலில் எழுதிக் காட்டிய மனுக்களில் பாதிப் பக்கத்துக்குக் குடும்ப வறுமை, பிறகு உடல்நிலை, கடைசி வரியில்தான் கோரிக்கை. அதைத் தலைகீழாக மாற்றப் பழகினார்கள். எனக்கு வேண்டியது இது, இந்தச் சட்டப்பிரிவு இதைச் சொல்கிறது, இந்தத் தேதிக்குள் வேண்டும். நகலில் தேதியிட்ட கையொப்பம் வாங்காமல் நகர வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத மனு.

எழுதுவதைவிட நேரில் கேட்பது கடினமாக இருந்தது. பெண்களுக்கு இன்னும் கடினம். காது கேட்கும் கருவியைத் தலைமுடிக்குள் மறைத்து அணியும் மாணவி ஒருவர், தம் பெயரை எந்தப் பட்டியலிலும் சேர்க்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதாகக் கூறினார். நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சாகிவிடும் என்ற பயம். நாங்கள் வற்புறுத்தவில்லை. பட்டியலில் பெயர் இல்லாமலேயே முன்வரிசை இருக்கையும் எழுத்து வடிவ அறிவிப்பும் கிடைக்க வழி செய்தோம். அவரைப் போன்றோருக்காகவே, அடையாள அட்டை காட்டினால்தான் உதவி என்ற வழக்கத்தை வகுப்பறை அளவில் கைவிடும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டோம். தேர்வுச் சலுகைக்குச் சான்று வேண்டியிருக்கலாம். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படிக்க எந்தச் சான்றும் வேண்டியதில்லை.

ஒரு நாள் ஆய்க்குடிக்குப் போனோம். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை ஆய்க்குடியும் நெல்லை மாவட்டம்தான். அங்கே 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவரோடு அந்த அமைப்பை வளர்த்த சங்கரராமனும் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர். எங்கள் அலுவலர்களையும் கூட்டிப்போனதற்குக் காரணம் இருந்தது. மாற்றுத்திறனாளியை மனு கொடுப்பவராக மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள், மனுவை வாங்கி முடிவெடுக்கும் இடத்திலும் அவரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றிய அமர்வு மாணவர்களே கேட்டு வாங்கியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் போய்விட்டன. தெருவில் ஒலிபெருக்கி வண்டி வந்தால் காது கேளாதவருக்கு யார் சொல்வது? கைப்பேசியில் எழுதிப் பேசிப் பழகியவர்களுக்கு அந்த இரவு எப்படிப் போயிருக்கும்? விடுதியில் எந்த அறையில் யாருக்கு எந்த உதவி வேண்டும், தரைத்தள அறைகளில் தண்ணீர் புகுந்தால் நடக்க முடியாதவரை யார் மாடிக்குத் தூக்குவது என்று பெயர் குறித்து எழுதிய தாள் இப்போது காப்பாளர் அறையில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த ஓர் அமர்வில் மட்டும், மற்ற மாணவர்களை அழைக்காமலேயே அரங்கு நிறைந்தது.

கண்ணைக் கட்டும் நிகழ்ச்சி பற்றி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரோடு நீண்ட விவாதம் நடந்தது. மாணவர்களுக்கு அது மறக்க முடியாத அனுபவம் என்பது அவர் வாதம். உண்மைதான், அவர்கள் நினைவில் தங்குவது அச்சம். ஐந்து நிமிடம் கண் கட்டியவருக்கு இருட்டில் தடுமாறுவது மட்டும் தெரியும். பல ஆண்டுப் பழக்கத்தில் கோலின் ஒலியை வைத்தே சுவர் எங்கே, வாசல் எங்கே என்று அறியும் திறமை அவருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதிலாக, பார்வையற்ற மாணவர்கள் வழிகாட்ட மற்றவர்கள் வளாகத்தைச் சுற்றி வந்து, தடைகளைக் குறித்து, ஒரு தடையை எடுத்துக்கொண்டு அது நீங்கும்வரை பின்தொடர்வது என்று மாற்றினோம். வண்டி நிறுத்தத்தைச் சாய்தளத்தின் அடியிலிருந்து அகற்றியது அந்த மாணவர்கள்தான்.

நடந்தவையும் நிற்பவையும்

கழிப்பறை இப்போது பகலில் திறந்தே இருக்கிறது. துப்புரவுப் பணியாளருக்கு அதற்கென நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலி மாணவியின் வகுப்பு தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கால அட்டவணைக் குழுவிடம் ஒருவர் போய்க் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவே. சுற்றறிக்கைகள் எழுத்தாகவே வருகின்றன, சில துறைகள் அவ்வப்போது படத்துக்குத் திரும்பினாலும். தேர்வு அலுவலகச் சுவரில் கூடுதல் நேர அட்டவணை பெரிய எழுத்தில் தொங்குகிறது.

நூலகம் இன்னும் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. புத்தகத்தைக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறோம் என்கிறார்கள். அலமாரிகளுக்கு இடையே நடந்து, தேடாத ஒரு புத்தகத்தைக் கண்டெடுக்கும் இன்பத்தைக் கீழே கொண்டுவந்து கொடுக்க முடியாது. சாய்தளத்தை இடித்துக் கட்ட மதிப்பீடு போட்டதோடு நிற்கிறது. ராஜீவ் ராத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதித் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று சொல்லியிருப்பதை நிர்வாகத்துக்குக் கடிதமாக எழுதியிருக்கிறோம். மனநலப் பாதிப்பும் கற்றல் குறைபாடும் 21 வகைகளில் இருக்கின்றன; ஆனால் எங்கள் அமர்வுகளில் அவற்றுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அந்த மாணவர்கள் இன்னும் முன்வரவில்லை. வரும் ஆண்டுப் பயிற்சி அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். டிசம்பருக்குக் காத்திராமல் ஜூன் மாதச் சேர்க்கையோடு அதைத் தொடங்குவதற்குக் கல்விக்குழு ஒப்புதல் தந்துவிட்டது.

மிகப் பெரிய கடன் காது கேளாத மாணவர்களுக்குத்தான் பாக்கி இருக்கிறது. வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை. சனிக்கிழமை வந்து உதவிய ஆசிரியையின் நல்ல மனத்தை நம்பி ஒரு பட்டப்படிப்பை நடத்த முடியாது. முக்கியப் பாடங்களுக்காவது மொழிபெயர்ப்பாளரை நியமிக்கவும், ஊதியத்தைக் கல்லூரியின் பொதுச் செலவில் சேர்க்கவும் கோரி, வணிகவியல் மாணவர்கள் தாங்களே எழுதிய மனு ஆட்சிக்குழுவிடம் இருக்கிறது. ஒரே பக்கம், கல்வி பற்றிப் பேசும் சட்டத்தின் 16, 17 பிரிவுகள், கேட்கும் தேதி, பெற்றதற்கான கையொப்பம் எல்லாம் அதில் உண்டு. அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்ப அடுத்த மனுவின் வரைவையும் அவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள்.